மலை தந்த மதிப்பெண்

வேலூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறப் பல வழிகள். வாணியம்பாடி, ஆலங்காயம் போய்க் காவலூர் வழியாக ஏறலாம். திருப்பத்தூர் பக்கம் போனால் புதூர்நாட்டுக்குச் சாலை இருக்கிறது. கண்ணமங்கலம், போளூர் என்று தெற்கே சுற்றிப்போய் ஜமுனாமரத்தூரில் ஏறி நிற்கலாம். என் அக்கா மகள் மூன்றாவது வழியைத்தான் சொன்னாள். "108 வண்டி எறங்குற வழி அதான் மாமா. நான் அனுப்பின கேஸெல்லாம் அந்த வழியாத்தான் போச்சு."

அவள் மருத்துவர். எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்தபோது அவளுக்குக் கிடைத்தது இந்த மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்துதான் எம்.டி. பொது மருத்துவம் படிக்கப் போனாள். அதையும் முடித்து, சூப்பர் ஸ்பெஷாலிட்டி நீட் எழுதி, ரேங்க்கும் வந்துவிட்டது. அடுத்தது கவுன்சலிங். எந்தத் துறையை முதலில் போடுவது, எந்தக் கல்லூரியை அதற்கடுத்துப் போடுவது என்ற பட்டியல் அவள் கைபேசியில் காலையில் ஒரு மாதிரியும் ராத்திரியில் ஒரு மாதிரியும் இருந்தது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பெரியப்பா கார்டியாலஜிதான் படிப்பு என்றார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் பாட்டி அதற்கென்று தனி டாக்டர் இருக்கிறாராமே என்று கேட்டார். "மலையில என்கூட வேலை பாத்த சிஸ்டரைப் பாத்துட்டு வரேன்" என்று ஒருநாள் அவள் கிளம்பிவிட்டாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். மலைக்குப் போக எனக்குத் தனியாகக் காரணம் வேண்டியதில்லை.

இந்தப் பந்தயத்தைப் பற்றி வெளியே அதிகம் தெரியாது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கான நீட் பற்றிச் சட்டமன்றத்திலிருந்து டீக்கடை வரை பேசித் தீர்த்துவிட்டோம். அதற்கு மேலே எம்.டி.க்கு ஒரு நீட், அதற்கும் மேலே டி.எம்., எம்.சிஎச். படிப்புகளுக்கு ஒரு நீட். கடைசியாகச் சொன்னது 2017ல் வந்தது. இரண்டரை மணி நேரம், 150 கேள்விகள், 600 மதிப்பெண். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். எழுதுகிறவர்கள் முப்பது வயதை ஒட்டியவர்கள், தாண்டியவர்கள். தேர்வு அறைக்கு வெளியே பாட்டி மடியில் குழந்தையை விட்டுவிட்டு உள்ளே போகிற பெண்கள் இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டுக்கான தேர்வு 2025 மார்ச் 29, 30 தேதிகளில்தான் நடந்தது. 2021ல் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது கேள்வித்தாள் முறையை மாற்றப்போக, இளம் மருத்துவர்களை அதிகார விளையாட்டில் கால்பந்தாக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது; புதிய முறை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

பொது மருத்துவம் முடித்தவர்களுக்கு இதயம், குடல், சிறுநீரகம், நரம்பு, நாளமில்லாச் சுரப்பி, ரத்தம், புற்றுநோய் என்று பத்துக்கு மேற்பட்ட துறைகள் திறந்திருக்கின்றன. ஆனால் அடிதடி இரண்டு மூன்றுக்குத்தான். "குழாயைக் கையில பிடிக்கிற பிராஞ்சுக்குத்தான் மாமா மவுசு" என்றாள். எண்டோஸ்கோப் குழாய், ஆஞ்சியோ குழாய். தனியார் மருத்துவமனையில் நோயாளியிடம் பேசுவதற்குக் கிடைக்கும் காசும் குழாய் விடுவதற்குக் கிடைக்கும் காசும் ஒன்றல்ல. இன்னொரு பக்கம் குழந்தைகள் அறுவை சிகிச்சை, இதய-நெஞ்சக அறுவை சிகிச்சை போன்ற துறைகளில் ஆண்டுதோறும் இடங்கள் தேங்குகின்றன. தகுதி மதிப்பெண்ணை இறக்கிச் சிறப்புச் சுற்று நடத்தியும் நாட்டில் நூற்றுக்கணக்கான சூப்பர் ஸ்பெஷாலிட்டி சீட்டுகள் ஆள் இல்லாமல் வீணாகியிருக்கின்றன. சீட்டுக்காகத் தூக்கத்தை விட்டவர்களும் ஆளுக்காகக் காத்திருக்கிற சீட்டும் ஒரே பட்டியலில்.

அவளோடு படித்த ஒரு பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே இதற்கு ஃபெலோஷிப் என்று பெயர். மூன்றாண்டு ரெசிடென்சி முடிக்கும்போது பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஆராய்ச்சிக் கட்டுரைகள், வரிசையாக நேர்காணல்கள். மருத்துவர் தனக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார். மருத்துவமனை தனக்குப் பிடித்த மருத்துவர்களை வரிசைப்படுத்தும். இரண்டையும் கணினி பொருத்தி டிசம்பர் தொடக்கத்தில் விடை சொல்லும். அந்தப் பொருத்தும் முறையைச் செப்பனிட்ட ஆல்வின் ராத்துக்கு 2012ல் பொருளாதார நோபல் பரிசே கிடைத்தது. அங்கேயும் குடலும் இதயமும்தான் முன்வரிசை. சிறுநீரகத்துக்கு அங்கே ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆசை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. நேர்காணலுக்கு உடுத்துகிற துணி மட்டும் வேறு.

வேலூரைத் தாண்டியதும் பாகாயம். சி.எம்.சி. எனும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அதன் மறுவாழ்வு மையமும் இங்கேதான். இந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு மேரி வர்கீஸ் ஞாபகம் வருவார். 1954 ஜனவரியில் மருத்துவர்கள் சிலர் போன வண்டி கவிழ்ந்து, அவருக்கு முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்துபோனது. அப்போது சி.எம்.சி.யில் இளம் மருத்துவர். படுத்த படுக்கையாகிவிட்டவரிடம், உட்கார்ந்தே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை ஒன்று உண்டு என்று காட்டினார் அங்கிருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்துகிற வேலை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைச் செய்யக் கற்றார் மேரி. பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கே மறுவாழ்வுப் பயிற்சி எடுத்துக்கொண்டார். அப்புறம் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் ஃபெலோஷிப் கிடைத்து, சக்கர நாற்காலியோடு கடல் கடந்து போனார். அவர் படித்து வந்த துறை அப்போது இந்தியாவில் அதிகம் அறியப்படாதது. திரும்பி வந்து சி.எம்.சி.யில் அதை உண்டாக்கினார். 1966ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்தது, 1972ல் பத்மஸ்ரீ.

அவருக்கும் முன்னால் ஜேக்கப் சாண்டி. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்து 1949ல் வேலூரில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். நாட்டில் அதுதான் முதல். அந்தக் காலத்தில் தனித்துறைப் படிப்புக்குப் போனவர்கள் ரேங்க் பார்த்துத் துறை எடுக்கவில்லை. இங்கே இல்லாதது எது என்று பார்த்து எடுத்தார்கள். இதைச் சொன்னபோது அக்கா மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவங்களுக்கு அனுப்பறதுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சு மாமா. போயிட்டு வா, உனக்கு நாற்காலி வெச்சிருக்கோம்னு சொல்ல ஆள் இருந்தாங்க. எனக்கு ஒரு வெப்சைட்தான் இருக்கு." பதில் சொல்ல முடியவில்லை.

சி.எம்.சி. இந்த விஷயத்தில் ஒரு பெரிய சண்டையே போட்டிருக்கிறது. ஊரகத்து மிஷன் மருத்துவமனைகள் பரிந்துரைக்கும் பிள்ளைகளை எடுப்பது, நேர்முகமாகச் சோதிப்பது, படித்து முடித்தபின் அந்த மருத்துவமனைகளுக்கே சில ஆண்டு அனுப்புவது என்பது அவர்கள் வழக்கம். எல்லா இடமும் நீட் ரேங்க் படிதான் என்று 2017ல் வந்தபோது, அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ்.ஸில் 100 இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பினார்கள். சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களையும் ஏறக்குறைய முழுவதும் காலியாக விட்டார்கள். வழக்கு நடந்து, சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் சொல்லிவிட்டது. எனக்கு இதில் இரண்டு மனசு. மலையில் வேலை பார்க்கிற மனத்தைக் கொள்குறி வினாவால் அளக்க முடியாது என்ற அவர்கள் வாதம் சரி. ஆனால் பரிந்துரை என்று வந்தால் பரிந்துரைக்க ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கே கதவு திறக்கும் என்பதையும் நான் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். தேர்வு முகம் பார்க்காது. அதன் குறையும் அதுதான், நிறையும் அதுதான்.

கொஞ்ச தூரத்தில் அடுக்கம்பாறை. அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி 2005ல் இங்கே வந்தது. இப்போது மலையில் 'அடுக்கம்பாறைக்கு எழுதிட்டாங்க' என்றால் கேஸ் பெரிசு என்று அர்த்தம். கல்லூரி வாசலில் பழக்கடைகள், இட்லிக் கடைகள், வேட்டியும் துண்டுமாகக் காத்திருப்பவர்கள். அக்கா மகள் காரை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வளாகம் முடிகிற வரைக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

போளூரில் காபி. அத்திமூர் தாண்டியதும் மலைச்சாலை. ஜமுனாமரத்தூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வளைவுகளில் டிரைவர் அண்ணன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவேயில்லை. ஜவ்வாது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. ஊட்டி மாதிரி குளிரோ பச்சையோ எதிர்பார்த்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். வெயில் தெரிகிற காடு. புளி, பலா, இடையிடையே சாமைக் கொல்லை. சந்தன மரத்துக்குப் பேர்போன மலை; இப்போது பேர்தான் மிச்சம் அதிகம். ஆந்திரக் காட்டுச் செம்மரத்துக்காக, மரம் வெட்டத் தெரிந்த கைகளைத் தேடித் தரகர்கள் வந்தார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் இந்த மலையிலிருந்து போனவர்களும் உண்டு.

ஏறுகிற வழியில்தான் அவள் தன் மதிப்பெண் கதையைச் சொன்னாள். அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடம் என்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். அகில இந்திய விதிகளில் அதற்கு இடமில்லை என்று 2016ல் அது அடிபட்டது. மலைப்பகுதி, தொலைதூரப் பகுதி, கடினப் பகுதியில் வேலை பார்த்தால் ஆண்டுக்கு எடுத்த மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் என்ற மத்திய விதி மட்டும் மிஞ்சியது. எது மலை, எது தொலைதூரம், எது கடினம் என்று அரசு பட்டியல் போட, அந்தப் பட்டியல் மீது வழக்கு, வழக்கு மீது மேல்முறையீடு. ஒரு சுகாதார நிலையம் கஷ்டமான இடமா இல்லையா என்பதை உயர் நீதிமன்றத்தில் வாதாடித் தீர்மானித்த காலம் அது. பிறகு 2020 ஆகஸ்ட் 31ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியிலிருப்பவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்றது. தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் சங்கம் நடத்திய வழக்கு. அதே ஆண்டு நவம்பரில் சூப்பர் ஸ்பெஷாலிட்டிக்கும் பாதி இடம் என்று அரசாணை. அந்த ஆண்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில் அனுமதித்தது.

"அப்போ மார்க்குக்காகத்தான் மலைக்குப் போனியா?"

"பின்னே? மார்க் இல்லன்னா யார் மாமா வருவா? நான் வந்தேன்ல. வந்து வேலை பாத்தேன்ல. எதுக்கு வந்தேன்னு பேஷன்ட் கேட்டாங்களா?"

நகரத்திலிருந்து மலைக்கு டாக்டரை வரவைக்க அரசு எத்தனையோ செய்து பார்த்திருக்கிறது. எனக்குத் தெரிந்து வேலை செய்தது இது ஒன்றுதான். தியாகத்தை எதிர்பார்க்கிற திட்டம் எதுவும் இரண்டாம் வருஷம் தாண்டியதில்லை. ஆசையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட திட்டம் ஓடுகிறது.

அவள் இருந்த சுகாதார நிலையத்தில் புது வண்ணம் அடித்திருந்தார்கள். சிஸ்டர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், இளைச்சுட்டீங்களே! இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கீங்களா?" வெளியே திண்ணையில் இருந்த கிழவி ஒருத்தி, "நம்ம டாக்டரம்மாதான? எந்த ஊர்ல இருக்குற இப்போ?" என்று உரிமையோடு கேட்டாள். இங்கே எல்லாரையும் ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். மரியாதை குரலில் இருக்கும். இவர்களுடைய மலையாளி என்ற பழங்குடிப் பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்கிறவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்கிற தமிழர்கள். கொல்லிமலையிலும் இவர்களே. பாகாயத்தில் சொன்ன பால் பிராண்ட் சிறுவயதில் வளர்ந்தது அந்தக் கொல்லிமலையில்தான். மிஷனரி வீட்டுப் பிள்ளை.

சிஸ்டர் ஒரு மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார். துணியில் சுற்றிய கண்ணாடிக் குழாய்கள். "நீங்க சொன்ன மாதிரியே புதுசா தனியா வெச்சிருக்கேன் மேடம்." எனக்கு விளங்கவில்லை. அக்கா மகள் விளக்கினாள். பாம்புக் கடியென்று யாராவது வந்தால், இரண்டு மில்லி ரத்தம் எடுத்துக் காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிஷம் வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ஓரளவு மூச்சு விடலாம். தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. உடனே விஷமுறிவு மருந்து. பிளாஸ்டிக் குழாயில் இது சரியாக வராது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றும். அதனால்தான் புதுக் குழாய்கள் தனியாக. மின்சாரம் வேண்டாம், லேப் வேண்டாம், கடிகாரம் மட்டும் போதும். உலகம் முழுக்க ஏழை நாடுகளில் உயிர் காக்கிற சோதனை இது. மருந்துக்கான விஷமும் நம் பக்கத்திலிருந்துதான் போகிறது. 1978ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலி.

அவள் இங்கே இருந்தபோது ஒருவர் வந்தார். சாமை அறுக்கப் போன இடத்தில் கண்ணாடி விரியன். குழாயில் ரத்தம் உறையவில்லை. மருந்தை ஏற்றி, 108ல் இறக்கி, அடுக்கம்பாறைக்கு எழுதினாள். உயிர் தங்கியது; ஆனால் சிறுநீர் நின்றுவிட்டது. விரியன் விஷம் சிறுநீரகத்தை அடிக்கும். சில நாள் டயாலிசிஸ் செய்து, சிறுநீர் திரும்பி, ஆள் வீடு வந்து சேர்ந்தார். ஒரு மாதம் கழித்து டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துக்கொண்டு இவளிடம் வந்தார். "இதுல என்னா எழுதியிருக்கான் சொல்லு. நான் மம்மட்டி புடிக்கலாமா?" கிரியாட்டினின் இன்னும் இறங்கவில்லை. எவ்வளவு நாள் பார்க்க வேண்டும், முழுசாகத் தேறுமா, தேறாமலே நிற்குமா? "எனக்கு அப்போ சொல்லத் தெரியல மாமா. புத்தகத்தைப் பாத்தேன். அப்படி ஆரம்பிச்சதுதான்." எதை ஆரம்பித்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய பட்டியலில் சிறுநீரகத் துறையான நெஃப்ராலஜி மூன்றாவதோ நான்காவதோ இருந்தது எனக்குத் தெரியும்.

இதே மலைத்தொடரின் வேலூர்ப் பக்கத்தில், அணைக்கட்டுக்கு மேலே அல்லேரி. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் பாதி வழியில் வண்டி நின்றுவிட, தாய் பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறி நடந்தார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதைச் சிஸ்டர்தான் நினைவுபடுத்தினார். அந்தக் குழந்தைக்கு டி.எம். படித்தவர் தேவைப்படவில்லை. தார்ச்சாலையும் மருந்துக் குப்பிகளும் தேவைப்பட்டன. சூப்பர் ஸ்பெஷாலிட்டி பற்றி யோசிக்கிறவர்கள் இந்த மலையில் ஒருநாள் இருந்தால் அந்தப் படிப்பின் அளவு தெரிந்துவிடும். எவ்வளவு பெரியது என்பதும், எவ்வளவு சிறியது என்பதும். 2024 நவம்பரில் பாம்புக் கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு ஆக்கியது. இனிமேலாவது எத்தனை பேர் என்ற கணக்கு வரும்.

மதியம் சிஸ்டர் வீட்டில் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. பேச்சு எப்படியோ நீதிபதி ஸ்ரீபதியிடம் போனது. இங்கே யார் வீட்டில் சாப்பிட்டாலும் அந்தப் பெயர் வரும். ஜவ்வாது மலைப் புலியூர். 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றவர். பிள்ளை பிறந்த இரண்டாம் நாள் சென்னைக்குக் காரில் போய்த் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் முதல்வர் வாழ்த்தியபோது மலையே வாழ்த்து வாங்கிய மாதிரி இருந்ததாம். "எங்க மலையில டாக்டருக்கு எப்போ மேடம்?" என்றார் சிஸ்டர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் 2020ல் வந்துவிட்டது. இங்கிருந்து ஒரு பிள்ளை அதில் ஏறினாலும் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஐந்தரை ஆண்டு, எம்.டி.க்கு மூன்று, டி.எம்.முக்கு மூன்று. நடுவில் மலைப்பணி, நுழைவுத்தேர்வு, நீதிமன்றத் தடை. கூட்டிப் பார்த்துவிட்டு சிஸ்டர், "நர்ஸிங்கே போதும்" என்று சிரித்தார்.

கிளம்பும்போது அவரே கேட்டார். "அந்தப் படிப்பையும் முடிச்சிட்டு இங்கயே வந்துடுங்க மேடம்."

அக்கா மகள் தலையை ஆட்டினாள். காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனபின், "முடியாது மாமா" என்றாள். மனசில்லை என்று சொல்கிறாளோ என்று நினைத்தேன். அதில்லை. டி.எம். முடித்தவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியிடமே கிடையாது. மருத்துவக் கல்லூரியில்தான் போடுவார்கள். அரசுப் பணியிலிருந்து இந்தச் சீட்டை எடுத்தால் ஓய்வு பெறும் வயது வரை அரசிலேயே இருக்க வேண்டும் என்று பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் எந்த ஊரில் என்பதை அவளும் தீர்மானிக்க முடியாது, மலையும் தீர்மானிக்க முடியாது. மலை மதிப்பெண் கொடுத்து அவளை மேலே ஏற்றியது. அவள் ஏறிய ஒவ்வொரு படியும் அவளைச் சட்டப்படியே மலையிலிருந்து ஒரு படி கீழே இறக்கிவிட்டது. இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பணியிடப் பட்டியல் போட்டவர் ஒருவர், ஊக்க மதிப்பெண் விதி எழுதியவர் இன்னொருவர். இருவரும் சந்தித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

திரும்பும்போது காவலூர் வழியாக வந்தோம். 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம். 1968ல் சிறிய தொலைநோக்கியோடு தொடங்கியது. இங்கிருந்து 1977 மார்ச்சில் யுரேனஸின் வளையங்களுக்குத் தடயம் எடுத்தார்கள். ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அர்ப்பணித்தார். பெயர் கொண்ட பாப்பு அதைப் பார்க்கவில்லை, 1982ல் போய்விட்டார்.

அவரும் ஒரு ஃபெலோஷிப் கதைதான். ஹார்வர்டில் முனைவர் பட்டம். மாணவராக இருக்கும்போதே 1949ல் ஒரு வால்மீனுக்கு அவர் பெயர் சேர்ந்துவிட்டது. அப்புறம் கார்னகி ஃபெலோஷிப்பில் பாலோமர் மலைக்கு. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அப்போது அங்கேதான். அங்கே ஒலின் வில்சனோடு சேர்ந்து கண்ட வில்சன்–பாப்பு விளைவை இன்றும் வானியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அதைக் கண்டவர் ஊர் திரும்பி, நல்ல இருட்டும் தெளிந்த வானமும் உள்ள இடம் தேடி அலைந்து, இந்த மலையில் வந்து நின்றார். அக்கா மகளிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். மேரி வர்கீஸுக்கு அவள் சொன்ன பதில் நினைவுக்கு வரவே விட்டுவிட்டேன். பாப்புவுக்குக் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் பதவி இருந்தது. இடத்தைத் தேர்ந்தெடுக்கிற அதிகாரமும் இருந்தது. இவளுக்கு இருப்பது ஒரு பட்டியலும் கடைசித் தேதியும்.

வாசலில் காவலாளி, சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் பொதுமக்களுக்குக் காட்டுவார்கள் என்றார். நாங்கள் வந்தது வேறு கிழமை. மரத்தடியில் நின்று டீ குடித்தோம்.

"காஸ்ட்ரோதான் மாமா ஃபர்ஸ்ட் போடப் போறேன்" என்றாள் திடீரென்று. "அதுக்கப்புறம் நெஃப்ரோ. கார்டியோ எடுத்துட்டேன்."

"பெரியப்பா?"

"அவருக்கு ஸ்டென்ட் நல்லாத்தான இருக்கு."

நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்தாள் போல. "கல்லீரல் கெட்டு வயிறு வீங்கி எத்தனை பேர் இங்க வந்தாங்க தெரியுமா? சாராயம். அதுவும் மலை வியாதிதான். காசுக்குன்னு நெனச்சுக்காதீங்க." கொஞ்சம் நிறுத்தி, "காசும்தான்" என்றாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. அவள் ரேங்க்குக்குக் குடல் வருமா என்பது கடைசிச் சுற்றில்தான் தெரியும்; பெரும்பாலும் சிறுநீரகம் கிடைக்கும் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முதலில் போட்டது கிடைக்காவிட்டால் இரண்டாவது தன்னால் வந்து விழும். வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகும் வேலையை இப்படித் தீர்மானிப்பது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது. கல்யாணமும் நம் ஊரில் ஏறக்குறைய அப்படித்தானே நடக்கிறது என்று டிரைவர் அண்ணன் சொன்னார். அவர் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

ஆலங்காயம் இறங்கியதும் கைபேசிக்குச் சிக்னல் முழுசாக வந்தது. வரிசையாக மணியடித்துச் செய்திகள் விழுந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, அவளுக்குச் சில வருஷம் முன்னால் இன்-சர்வீஸ் ஒதுக்கீட்டில் டி.எம். முடித்த ஒரு சீனியருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், அடுக்கம்பாறையில நெஃப்ரோ போஸ்ட் எத்தனை இருக்கு? வேகன்ட் ஏதாவது? திருவண்ணாமலைன்னாலும் சரி சார், மலைக்கு அந்தப் பக்கம் எறங்கிடலாம்."

அந்தப் பக்கம் யாரோ நோயாளியிடம் பேசி அனுப்புகிற சத்தம். பிறகு அவர் சொன்னார்: "முதல்ல சீட்டை வாங்கும்மா."